மலையில் சைக்கிள், சீட்டில் எரிச்சல்: எந்த ஷார்ட்ஸ் வாங்குவது?

கேள்வி: எனக்கு 42 வயது. உயரம் 5 அடி 3 அங்குலம், எடை 98 கிலோ. முழங்கால் வலி இருப்பதால் நடைக்குப் பதிலாக சைக்கிள் ஓட்டச் சொன்னார் டாக்டர். இரண்டு மாதமாக காலையில் கோத்தகிரியிலிருந்து கோடநாடு சாலையில் ஓட்டுகிறேன், கியர் சைக்கிள்தான். அரை மணி நேரத்துக்குள் உட்காரும் இடம் வலிக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் தொடை இடுக்கில் தோல் சிவந்து எரிகிறது. ஜெல் சீட் கவர் போட்டும் பலனில்லை. லெகிங்ஸ் அணிந்துதான் ஓட்டுகிறேன். பேட் வைத்த ஷார்ட்ஸ் ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். எக்ஸ்எல் என்று போட்டிருந்தும் தொடையைத் தாண்டி ஏறவில்லை. எந்த மாதிரி வாங்க வேண்டும்? அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கவும் கூச்சமாக இருக்கிறது. கொஞ்சம் எடை குறைந்த பிறகு வாங்கிக்கொள்ளலாமா?
- கோத்தகிரி வாசகி

பதில்: உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனித் தொல்லைகள். உட்காரும் இடத்து வலி எலும்பிலிருந்து வருகிறது. தொடை இடுக்கு எரிச்சல் தோலிலிருந்து வருகிறது. முன்னதை சீட்டும் பேடும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும். பின்னதைத் தீர்ப்பது துணியும் தையலும். கடையில் இரண்டுக்கும் ஒரே மருந்தாக ஸ்பாஞ்சை நீட்டுவார்கள். ஜெல் கவர் வாங்கியும் பலனில்லாமல் போனது அதனால்தான்.

முதலில் எலும்பு. பிட்டத்துக்கு அடியில் இடமும் வலமுமாக இரண்டு எலும்பு முனைகள் இருக்கின்றன. வெறும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து முன்னும் பின்னும் அசைந்தால் கட்டாந்தரையில் உறுத்துமே, அவைதான். சைக்கிளில் உங்கள் பாரத்தைத் தாங்க வேண்டியவை அவைதான். அவற்றுக்கு இடையே உள்ள மென்மையான பகுதி தாங்கக்கூடாது. ஸ்பாஞ்ச் மெத்தென்று இருந்தால் எலும்பு அதற்குள் அமிழ்ந்துவிடும். பிதுங்கி எழும் ஸ்பாஞ்ச் நடுப்பகுதியை அழுத்தும். எடை கூடக்கூட இந்த அமிழ்தலும் கூடும். ஆகவே எடை அதிகம் உள்ளவருக்கு அதிகத் தடிமனான பேட் என்று நினைத்தால் அது நேர் எதிரான பலனைத் தரும். உங்களுக்கு வேண்டியது கெட்டியான பேட்.

கெட்டியா என்று கண்டுபிடிக்க கடையிலேயே ஒரு வழி உண்டு. ஷார்ட்ஸை உள்வெளியாகத் திருப்பி, பேடில் எலும்பு படும் பின்பகுதியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நன்றாக நசுக்குங்கள். இந்தப் பக்கத்து விரல் அந்தப் பக்கத்து விரலைத் தொடுவதுபோல் உணர்ந்தால், 98 கிலோ அதன்மேல் உட்காரும்போது அந்த பேட் இருந்தும் இல்லாததுதான். விட்டவுடன் முழுதாகப் பழைய நிலைக்கு எழும்பினால் நல்ல பேட். சில கம்பெனிகள் ஃபோமின் அடர்த்தியை ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று குறிப்பிடுகின்றன. எண் கிடைத்தால், எலும்பு படும் இடத்தில் 100 அல்லது அதற்கு மேல் இருப்பதை எடுங்கள். இன்னும் சிலர் ‘2 மணி நேரம்’, ‘4 மணி நேரம்’ என்று பயண நேரத்தைப் போட்டிருப்பார்கள். நீங்கள் ஒரு மணி நேரம்தான் ஓட்டுவீர்கள் என்றாலும் அதில் ஒரு படி மேலே போங்கள். பேடுக்குள் ஜெல் வைத்ததை நான் சொல்லமாட்டேன். சூட்டையும் வியர்வையையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இங்கே மலையைப் பற்றி ஒரு வார்த்தை. கோயம்புத்தூர் சமவெளியில் ஓட்டுகிறவர் சிக்னலில் நிற்பார், பள்ளத்தில் எழுந்துகொள்வார், அவ்வப்போது சீட்டுக்கு ஓய்வு கிடைக்கும். உங்கள் பாதையில் ஏற்றம் வந்தால் பத்து இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தபடியே மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டரில் ஊர்வோம். கால் பலம் வந்தவர்கள் பெடலை அழுத்தும் அழுத்தத்திலேயே உடம்பின் பாரத்தில் ஒரு பங்கு காலுக்குப் போய்விடும். புதிதாக ஓட்டுகிறவருக்கு ஏறக்குறைய எல்லாம் சீட்டில்தான். ஆகவே ஏற்றத்தில் மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு கியர் கனமாக்கி, பத்துப் பதினைந்து மிதி எழுந்து நின்று மிதியுங்கள். முழங்கால் இடம் கொடுக்கவில்லை என்றால், தேயிலைத் தோட்டத்து ஓரம் ஒரு நிமிடம் இறங்கி நின்றாலும் போதும். ரத்த ஓட்டம் திரும்பிவிடும்.

சீட்டைச் சரிசெய்யாமல் துணிக்குச் செலவு செய்யாதீர்கள். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கடைசிக் கீழ்நிலைக்கு வரும்போது முழங்கால் நேராக வேண்டும். அதுதான் சீட்டின் உயரம். கால் தரையில் நன்றாகப் பட வேண்டும் என்று புதியவர்கள் பெரும்பாலும் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொள்வார்கள். பாரம் முழுவதும் பின்புறத்தில் இறங்குவது அதனால்தான். முழங்காலுக்கும் அது நல்லதல்ல. சீட்டின் மூக்கு மேல் நோக்கி இருந்தால் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

சீட்டின் அகலத்துக்கும் உடம்பின் அகலத்துக்கும் சம்பந்தமில்லை. 55 கிலோ ஆளுக்கும் 98 கிலோ ஆளுக்கும் அந்த எலும்பு இடைவெளி ஒன்றாகவே இருக்கலாம். அளக்க ஒரு அட்டைப்பெட்டியை வெட்டுங்கள், நெளிவு வைத்த பழுப்பு அட்டை. அதைக் கல்படியில் போட்டு, மெல்லிய துணியோடு உட்கார்ந்து, கால்களை ஒரு சிறிய ஸ்டூல்மேல் தூக்கி வைத்து, சற்று முன்னால் குனிந்து அரை நிமிடம் இருங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு குழிகள் தெரியும். சரியாகத் தெரியாவிட்டால் அட்டையைச் சாய்வாக வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவித் தேடுங்கள். குழிகளின் மையத்துக்கு மையம் வரும் அளவோடு 20 முதல் 30 மில்லிமீட்டர் சேர்த்தால் உங்களுக்கு வேண்டிய சீட் அகலம். இப்போதைய சீட் அதைவிடக் குறுகலாக இருந்தால், உலகத்து ஷார்ட்ஸ் எல்லாம் வாங்கினாலும் வலி போகாது. ஜெல் கவரைக் கழற்றிவிடுங்கள். அது சீட்டின் ஓரத்தைத் தடிமனாக்கி, தொடையில் உரசுவதைத்தான் கூட்டுகிறது.

இனி தோல். நீங்கள் இப்போது அணிகிற லெகிங்ஸை உள்வெளியாகத் திருப்பி, கவட்டையில் நான்கு தையல்கள் வந்து கூடும் இடத்தைப் பாருங்கள். சாதாரண லெகிங்ஸில் அது ஓவர்லாக் தையல். வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். அதற்குக் கீழே உள்ளாடையின் எலாஸ்டிக் விளிம்பு. இந்த இரண்டின்மேலும் பாரம் போட்டு, ஒரு மணி நேரத்தில் மூவாயிரம் தடவைக்கு மேல் தொடையை ஆட்டுகிறோம். தோல் சிவக்காமல் என்ன செய்யும்? நல்ல சைக்கிள் ஷார்ட்ஸில் துணிகளைத் தட்டையாக இணைத்திருப்பார்கள். திருப்பூரில் வேலை செய்த யாரைக் கேட்டாலும் ஃப்ளாட்லாக் என்று சொல்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் வருடினால் தையல் எங்கே என்று சட்டெனத் தெரியக்கூடாது. பேடின் நடுவிலும் தையல் இருக்கக்கூடாது.

நம் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் ஒன்று: பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை அணியக்கூடாது. பேடின் மேல்துணி நேரடியாகத் தோலில் பட்டு வியர்வையை இழுப்பதற்காகவே செய்யப்பட்டது. நடுவில் ஒரு காட்டன் உள்ளாடை வந்தால் அது ஊறி, சுருண்டு, எலாஸ்டிக்கால் அறுக்கும். மாதவிலக்கு நாள்களில் மென்சுரல் கப் பழக்கம் இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால் அந்த நாள்களில் தூரத்தைக் குறைத்துக்கொள்வதுதான் நல்லது. நாப்கினும் பேடும் ஒன்றின்மேல் ஒன்று இருந்தால் உராய்வு கட்டாயம் வரும்.

சைஸ் விஷயத்துக்கு வருகிறேன். எக்ஸ்எல் என்ற எழுத்தை நம்பாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எடையை வைத்தும் வாங்கக்கூடாது. டேப்பை எடுத்து மூன்று அளவு எடுங்கள்: இடுப்புக்குக் கீழே பிட்டத்தின் அதிகபட்சச் சுற்றளவு, கவட்டைக்குச் சற்றுக் கீழே தொடையின் சுற்றளவு, உட்கார்ந்த நிலையில் வயிற்றின் சுற்றளவு. நின்றுகொண்டு எடுத்த வயிற்றளவு சைக்கிளில் உதவாது. முதல் இரண்டில் எது பெரிய சைஸைக் காட்டுகிறதோ அதையே எடுங்கள். பெண்களுக்கான வரிசையில் உங்கள் அளவு இல்லையென்றால் ஆண்களுக்கான பெரிய சைஸை எடுக்கலாம். பெண்களுக்கான பேட் பின்னால் அகலமாகவும் முன்னால் குட்டையாகவும் இருக்கும், ஆண்களுடையது முன்னால் நீண்டிருக்கும். அதனால் முன்பக்கம் மடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர் போகிற வேலை இருந்தால் டெகத்லான் மாதிரியான கடையில் போட்டுப் பார்த்து வாங்குவதே மேல்.

போட்டுப் பார்க்கும்போது வெறுமனே நிற்காதீர்கள். ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் குனியுங்கள், உட்கார்ந்து எழுந்திருங்கள். நிற்கும்போது முன்பக்கம் கொஞ்சம் இழுப்பதுபோல் இருந்தால் தவறில்லை, ஓட்டும் நிலைக்காக வெட்டிய துணி அது. பேட் உடம்பைவிட்டு நகரக்கூடாது. குனிந்தபோது பின்புறத் துணி பளபளத்து உள்ளே தெரிந்தால் அளவு பத்தவில்லை. காலின் முடிவில் மெல்லிய ரப்பர் பட்டை தொடையைப் பிதுக்கினால் அந்த ஷார்ட்ஸை வாங்காமல் வைத்துவிடுங்கள். நாலு விரல் அகலத்துக்குப் பரந்த, மென்மையான பட்டை உள்ளதைத் தேடுங்கள். இடுப்புப் பட்டியும் அப்படியே: குறுகிய எலாஸ்டிக் வயிற்றுக்கு அடியில் சுருண்டு இறங்கிவிடும். தொப்புளுக்கு மேல் ஏறும் அகலப் பட்டி வேண்டும். தோள்பட்டை வைத்த பிப் ஷார்ட்ஸில் இந்தத் தொந்தரவே கிடையாது. ஆனால் வழியில் கழிவறை வேண்டுமென்றால் மேல்சட்டையைக் கழற்ற வேண்டிவரும். உங்கள் சாலைக்கு அது ஒத்துவராது.

இவ்வளவு சொன்னபின், உங்களுக்கு நான் பரிந்துரைப்பது ஷார்ட்ஸே அல்ல. பேட் வைத்த முழுக்கால் டைட்ஸ் வாங்குங்கள். சமவெளிக்காரருக்கு இதைச் சொல்லமாட்டேன், வெந்துபோவார். கோத்தகிரிக் காலைக் குளிரில், அதுவும் மார்கழியில், அது வசதி. தொடையோடு தொடை உரசும் இடம் முழுக்கத் துணியால் மூடப்படுகிறது. தொடையில் ரப்பர் பட்டையும் இல்லை. இறக்கத்தில் குளிர்காற்று முழங்காலில் நேராக அடிக்காது. கூச்சத்துக்கும் அதிலேயே வழி இருக்கிறது: மேலே தொடை மறைக்கும் நீளத்தில், பக்கம் வெட்டிய டி-ஷர்ட் ஒன்று போட்டால் லெகிங்ஸ் அணிந்தவரைப் போலத்தான் தெரிவீர்கள். நீளக் குர்த்தா மட்டும் வேண்டாம். பின் மடிப்பு எழுந்து உட்காரும்போது சீட்டில் மாட்டும். மேலே தளர்ந்த ட்ராக் பேன்ட் போடுவதென்றால் வலது காலை செயினில் சிக்காமல் கட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது சிவந்திருக்கும் தோல் ஆறும்வரை இரண்டு மூன்று நாள் சைக்கிளைத் தொடாதீர்கள். அதன்பின் கிளம்பும் முன் உரசும் இடத்தில் சைக்கிள்காரர்களுக்கான கிரீம் தடவலாம். கிடைக்காவிட்டால் பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிசாக. ஆனால் அது பேடிலிருந்து லேசில் போகாது. பவுடர் வேண்டாம், வியர்வையில் கட்டியாகி உறுத்தும். அந்த இடத்து முடியை மழிப்பதும் வேண்டாம், வேர்க்கால் புண்ணுக்கு வழி. வட்டமாகப் படர்ந்து ஓரம் தடித்து அரித்தால் அது உராய்வல்ல, படர்தாமரை. மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம் முதல் நாள் சுகம் தந்து, பிறகு அதைப் பெரிதாக்கிவிடும்; தோல் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை இருந்தால் சிறு கொப்புளத்துக்கும் காத்திருக்காதீர்கள். மரத்துப்போகும் உணர்வு வந்தால் அதற்குத் துணி பொறுப்பில்லை, சீட்டைச் சரிசெய்யவோ மாற்றவோ வேண்டும்.

துவைப்பதில்தான் மலையில் பாதிப் பேர் கோட்டைவிடுகிறார்கள். ஓட்டி வந்தவுடன் கழற்றுங்கள். ஈரத்தோடு சமையலில் இறங்காதீர்கள். பச்சைத் தண்ணீரில், லேசான சோப்பில் உள்வெளியாகத் துவைக்க வேண்டும். கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவம் சேர்த்தால் துணி வியர்வை இழுக்கும் திறனை இழக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோத்தகிரியில் பேட் காய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பிழிந்து முறுக்காமல் தடித்த துவாலையில் சுருட்டி மேலே ஏறி நின்று மிதித்தால் தண்ணீர் பெரும்பகுதி துவாலைக்குப் போய்விடும். பிறகு பேட் வெளியே தெரியும்படி ஃபேன் காற்றில் போடுங்கள். அடுப்புக்கும் ஹீட்டருக்கும் மேலே தொங்கவிட்டால் எலாஸ்டிக் செத்துவிடும். அரைகுறை ஈரத்தோடு மறுபடி அணிவது படர்தாமரைக்கு அழைப்பு. ஆகவே குறைந்தது இரண்டு வேண்டும். விலை உயர்ந்த ஒன்றைவிட நடுத்தரமான இரண்டு இங்கே மேல்.

எடை குறைந்த பிறகு வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், இப்போதே வாங்குங்கள். புண்ணோடு ஓட்டினால் மூன்றாம் மாதம் சைக்கிள் படிக்கட்டுக்கு அடியில் போய்விடும். ஸ்பான்டெக்ஸ் கலந்த துணி ஒரு சைஸ் இறங்கும்வரை உடம்போடு கூடவே சுருங்கும். குனிந்து நிமிரும்போது பேட் தனியாக நகர ஆரம்பித்தால் அப்போது அடுத்த சிறிய சைஸைப் பாருங்கள். அதன்பின் பழையதை மழைநாள் உபரியாக வைத்துக்கொள்ளலாம்.