பேரன்ட் பிளஸ் கடன் நான்காம் ஆண்டுவரை தாங்குமா?

கேள்வி: நாங்கள் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள். மகள் 2026 ஆகஸ்டில் கல்லூரியில் சேர்கிறாள். உதவித்தொகை போக ஆண்டுக்கு 45,000 டாலர் ஆகும். 10,000 சேமிப்பிலிருந்து கட்டுவோம். மீதிக்கு, பிள்ளையின் படிப்புக்காகப் பெற்றோர் பெயரில் அமெரிக்க அரசு தரும் பேரன்ட் பிளஸ் கடன் வாங்க நினைத்தோம். சட்டம் மாறிவிட்டதாமே? கணவருக்கு வயது 52.

பதில்: மாறிவிட்டது அம்மா. முன்பெல்லாம் மற்ற உதவிகள் போகக் கல்லூரிச் செலவு எவ்வளவோ, அவ்வளவையும் இந்தக் கடனில் வாங்கலாம். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர்தான்.

பலர் முதல் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடுகிறார்கள். மூன்று வருடம் 20,000 வீதம் வாங்கினால் நான்காம் வருடத்துக்கு மிஞ்சுவது 5,000.

மகள் தன் பெயரில் வாங்கும் ஃபெடரல் (மத்திய அரசு) கடன் வரம்பு மாறவில்லை: முதலாண்டு 5,500, அடுத்து 6,500, பிறகு 7,500 வீதம். இதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அப்படியும் முதல் வருடம் 9,500 துண்டு விழும். நான்காம் வருடம் 22,500. மூன்று வருடம் படித்துவிட்டுப் பணமில்லாமல் நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பட்டம் கையில் இல்லை, கடன் மட்டும் இருக்கிறது. அந்த நிலை உங்கள் மகளுக்கு வரக்கூடாது.

இன்னொன்று, வருமானத்துக்கேற்பத் தவணை குறையும் புதிய ராப் திட்டத்தில் பேரன்ட் பிளஸுக்கு இடமில்லை. 65,000 கடனுக்குத் தவணைக் காலம் 20 ஆண்டு. படிப்பு முடியும்வரை தள்ளிப்போட்டால், கடைசித் தவணை கட்டும்போது உங்கள் கணவருக்கு 76 வயது தாண்டியிருக்கும். 401கே எனும் ஓய்வுகாலச் சேமிப்புப் பணத்தில் கைவைத்து இதை அடைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

நான்கு வருடமும் சேர்த்துத் துண்டுவிழும் மொத்தம் 48,000. அதற்குத் தனியார் வங்கிக் கடன் வாங்கினால் பெரும்பாலும் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டிவரும். எனக்கு அது கடைசி வழிதான். முதல் இரண்டு வருடம் வீட்டிலிருந்தே கம்யூனிட்டி காலேஜ் (கட்டணம் குறைந்த உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) போய், பிறகு பட்டக் கல்லூரிக்கு மாறினால் உங்கள் 65,000-ஐத் தொடாமல் வைத்திருக்கலாம். மகளுக்கு அது பிடிக்காமல் போகலாம். ஆனாலும் இந்தக் கணக்கை அவளையும் உட்காரவைத்துப் போடுங்கள். பாதிக் கடன் அவள் தலையிலும் விழப்போகிறது.

ஃபாஃப்ஸா எனும் அரசு நிதி உதவி விண்ணப்பத்தில் காட்டிய ஆண்டுக்குப் பிறகு வருமானம் குறைந்திருந்தால், ஆதாரத்தோடு நிதி உதவி அலுவலகத்துக்கு எழுதுங்கள். தொகையை மறுபரிசீலனை செய்யும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. எப்படியும், சேர்க்கையை உறுதிசெய்யும் முன், இந்த உதவித்தொகை நான்கு வருடமும் வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.