கண்ணாடி டம்ளரில் மெழுகுதிரி: திரி, மெழுகு, வாசனை பற்றி வாசகர் கேள்விகள்

கே: 7 செ.மீ. உள் அகலமுள்ள கண்ணாடி டம்ளரில் சோயா மெழுகு ஊற்றுகிறேன். கொளுத்தி ஒரு மணி நேரம் ஆனால் நடுவில் மட்டும் குழி விழுகிறது, ஓரத்து மெழுகு அப்படியே நிற்கிறது. பெரிய திரி போட்டால் புகையும் கரியும். எந்த எண் திரி போட வேண்டும்?
– வாசகி, பாளையங்கோட்டை

ப: திரி எண்ணை டம்ளரின் அகலத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அதே டம்ளர், அதே மெழுகு என்றாலும் வாசனை எண்ணெயை மல்லிகையிலிருந்து வெட்டிவேருக்கு மாற்றினால் திரியையும் மாற்ற வேண்டி வரலாம். வெட்டிவேர், வனிலா போன்ற கனமான எண்ணெய்கள் திரியின் இழைகளை அடைத்துச் சுடரை ஒடுக்கும். அதனால் எரித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

விற்பவர் தரும் அட்டவணையில் உங்கள் அகலத்துக்குப் போட்டிருக்கும் எண், அதற்கு ஒரு எண் கீழே, ஒரு எண் மேலே என்று மூன்று திரி எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒரே நாளில், ஒரே பாத்திரத்தில் உருக்கிய மெழுகில் ஊற்றுங்கள். நாலாவதாக, நடு எண் திரியோடு வாசனையே சேர்க்காத டம்ளர் ஒன்று. பெரும்பாலானவர்கள் இதை வீண் செலவென்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் வாசனை இல்லாதது நன்றாக எரிந்து, வாசனை உள்ளது மங்கினால், கோளாறு எண்ணெயில்தான் என்று அப்போதே தெரிந்துவிடும். இது இல்லாமல் மாதக்கணக்கில் திரியையே மாற்றிக்கொண்டிருக்க நேரும்.

எவ்வளவு மெழுகு வேண்டும் என்பதைத் தண்ணீரால் அளக்கலாம். டம்ளரில் எந்தக் கோடு வரை ஊற்றப் போகிறீர்களோ அதுவரை தண்ணீர் நிரப்பி எடை பாருங்கள். 250 கிராம் தண்ணீர் பிடித்தால், 0.86ஆல் பெருக்க 215 கிராம் கலவை. எண்ணெய் 8 சதவீதம் என்றால், அது மெழுகின் எடையில் 8 சதவீதம். ஆகவே 215ஐ 1.08ஆல் வகுக்க, மெழுகு 199 கிராம், எண்ணெய் 16 கிராம். எண்ணெயை மூடியாலோ ஸ்பூனாலோ அளக்காதீர்கள், 0.1 கிராம் வரை காட்டும் தராசு அவசியம். டம்ளரில் சொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது.

மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, 80–85 டிகிரி செல்சியஸில் எண்ணெய் சேர்த்து, இரண்டு நிமிடம் நுரைக்காமல் நிதானமாகக் கிளறுங்கள். 55–60 டிகிரிக்கு இறங்கியதும் ஊற்றலாம். பிறகு மூடி போட்டு இரண்டு வாரம் வைத்துவிடுங்கள். பெட்ரோலிய மெழுகான பாரபின் என்றால் மூன்று நான்கு நாள் போதும், சோயாவுக்குப் போதாது.

எரித்துப் பார்க்கும் நாளில் முதலில் டம்ளரோடு எடை போட்டு, திரியை 5–6 மி.மீ.க்கு வெட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கொளுத்துங்கள். சுடரைச் சுற்றி உருகி நிற்கும் மெழுகுக் குளத்தின் அகலம், ஆழம், சுடரின் உயரம் மூன்றையும் செ.மீ.யில் மணிக்கொரு முறை ஒரு நோட்டில் எழுத வேண்டும், எடை கிராமில். ஒரு பக்கம் இப்படி இருக்கும்: “நடு எண். தொடக்கம் 412.6. 1 மணி – குளம் 4.5 செ.மீ., சுடர் 2. 2 மணி – 5.5. 4 மணி – 6.5, ஆழம் 0.8, நுனியில் சிறு கரி. ஆறிய பின் 393.8.” குறைந்தது 18.8 கிராம், நான்கு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 4.7. உங்கள் டம்ளர் அளவுக்கு 4 முதல் 6 கிராம் வரை சரியான போக்கு.

நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் எரிக்க வேண்டாம். அணைத்து, முழுவதும் இறுகிய பிறகே அடுத்த சுற்று. அகலத்தில் 2.5 செ.மீ.க்கு ஒரு மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. 7 செ.மீ. டம்ளரில் உருகிய குளம் ஓரம் தொட மூன்று மணி நேரம் ஆகும், ஒரு மணி நேரத்தில் தீர்ப்புச் சொல்ல முடியாது. முதல் சுற்றில் ஓரத்தில் கொஞ்சம் மெழுகு ஒட்டி நின்றாலும் பயப்படாதீர்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மெழுகு பாதிக்குக் கீழே இறங்கியதும் கண்ணாடிச் சுவர்கள் சூட்டை உள்ளேயே தேக்கிவைக்கும். மேலே மந்தமாக எரிந்த திரி கீழே வேகமெடுத்து, ஓரத்தில் நின்ற மெழுகையும் உருக்கிவிடும். மேலே முதல் மணியிலேயே ஓரம் தொட்டு அழகு காட்டும் திரிதான் கடைசிப் பகுதியில் கண்ணாடியைக் கைவைக்க முடியாத அளவுக்குச் சுட வைக்கும். வெளிச்சுவர் 60 டிகிரியைத் தாண்டினால் அந்தத் திரியை ஒதுக்குங்கள். ஆகவே கடைசி 1 செ.மீ. மெழுகு மிஞ்சும் வரை எல்லாச் சுற்றும் எரித்துப் பார்க்காத மெழுகுதிரியை யாருக்கும் கொடுக்கக் கூடாது. பாதியில் நிறுத்திய சோதனை, சோதனையே இல்லை.

திரி சிறிது என்றால் சுடர் குறுகி, உருகிய மெழுகில் மூழ்கி அணையும். பெரிது என்றால் சுடர் துள்ளும், நுனியில் கரி குடை பிடிக்கும், குளம் ஒன்றேகால் செ.மீ.க்கு மேல் ஆழமாகும். இரண்டுக்கும் நடுவில் தடுமாறினால் சிறிய எண்ணையே எடுங்கள். மின்விசிறிக்குக் கீழே ஒரு சுற்றும் எரித்துப் பாருங்கள். வாங்குகிறவர்கள் அதற்குக் கீழேதான் வைப்பார்கள், தள்ளி வைக்கச் சொல்லிச் சீட்டு ஒட்ட வேண்டியதும் இதனால்தான்.

கே: மார்கழியில் சோதித்து எல்லாம் சரியாக இருந்த மெழுகுதிரி, சித்திரையில் மேலே எண்ணெய் முத்து முத்தாக வியர்க்கிறது. சுடரும் பெரிதாக எரிகிறது. மெழுகு மோசமா?
– வாசகர், சங்கரன்கோவில்

ப: மெழுகு மோசமில்லை, நம் ஊர் வெயிலுக்கு அது மிருதுவானது. டம்ளருக்கென்று வரும் சோயா மெழுகு பலவும் 46–50 டிகிரியில் உருகுபவை. வெயில் நாளில் கதவடைத்து நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். வீட்டுக்குள்ளேயே 34, 35 டிகிரி இருக்கும்போது மெழுகு பாதி இளகிய நிலையில்தான் எரியத் தொடங்குகிறது. மார்கழியில் அளவாக இருந்த திரி அப்போது பெரிதாகிவிடும். மெழுகு பிடித்துவைக்க முடியாத எண்ணெய் மேலே வியர்க்கும். அதைத் துடைக்காமல் கொளுத்தினால் சுடர் மேற்பரப்பெல்லாம் பரவ வாய்ப்புண்டு.

எண்ணெயை 8லிருந்து 6 சதவீதத்துக்குக் குறையுங்கள். போதவில்லையென்றால் ஸ்டியரிக் ஆசிட் (கொழுப்பிலிருந்து எடுக்கும், மெழுகு போன்ற கெட்டிப் பொருள்) 2 சதவீதத்தில் தொடங்கி 5 வரை சேர்த்துக் கெட்டிப்படுத்தலாம். தேன்மெழுகு 62–64 டிகிரியில் உருகுவது, அதையும் பத்தில் ஒரு பங்கு கலக்கலாம், ஆனால் அதன் சொந்த வாசம் மெல்லிய பூ வாசனைகளை அமுக்கிவிடும். எதைச் சேர்த்தாலும் மெழுகு கெட்டியாகும், கெட்டி மெழுகுக்குத் திரி பெரிதாக வேண்டும், மறுபடி முதலிலிருந்து சோதனைதான். எண்ணெய் அளவு, மெழுகு இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போய்விடும்.

விற்பனைக்குச் செய்கிறவர்கள் இறுதிச் சோதனையைச் சித்திரை, வைகாசியில் வைத்துக்கொள்ளுங்கள். தென்காசி, செங்கோட்டைப் பக்கத்தில் இருப்பவர்கள் ஆடிக் காற்றிலும் ஒரு முறை எரித்துப் பார்ப்பது நல்லது.

கே: குத்துவிளக்குத் திரியை மெழுகில் முக்கிக் காயவைத்துப் போட்டேன். பத்து நிமிடத்தில் சாய்ந்து விழுந்துவிட்டது.
– வாசகி, அம்பாசமுத்திரம்

ப: விளக்குத் திரி எண்ணெயில் படுத்துக் கிடக்கும், கரி கட்டினால் நாம் தூண்டிவிடுவோம். மெழுகுதிரியில் அது தானாக நிற்க வேண்டும், தன்னைத்தானே குட்டையாக்கிக்கொள்ளவும் வேண்டும். தட்டையாகப் பின்னிய பருத்தித் திரி எரியும்போது ஒரு பக்கமாக வளையும். வளைந்த நுனி சுடரின் வெளிப்பக்கத்துக்கு வரும், அங்கேதான் காற்றும் சூடும் அதிகம், அதனால் நுனி சாம்பலாகிவிடும். முறுக்கிய பஞ்சில் இது நடக்காது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரான்சின் காம்பசெரே பின்னல் திரியைக் கொண்டுவருவதற்கு முன், மெழுகுதிரி எரியும் வீடுகளில் நுனி வெட்டத் தனிக் கத்தரிக்கோலே வைத்திருந்தார்கள்.

பின்னல் திரியை, கழுத்து உயர்ந்த தகர அடித்தட்டோடு வாங்குங்கள். அந்தக் கழுத்துதான் கடைசியில் சுடர் கண்ணாடி அடியைத் தொடாமல் அணைக்கிறது. ஒட்டுவதற்குப் பசைத் துப்பாக்கியின் பசை வேண்டாம். சூட்டில் அது இளகி, திரி ஓரமாக நகர்ந்து, கண்ணாடி விரிசல் விடும். அதற்கென்றே வரும் ஒட்டுவட்டம் நிற்கும்.

கே: பன்னிரண்டு சதவீதம் எண்ணெய் ஊத்தியும் வாசம் வரலை. மூடியைத் திறந்தா கமகமன்னு இருக்கு, கொளுத்தினா ஒண்ணுமில்ல. மேலப்பாளையத்துல வாங்கின அத்தரையும் சேர்த்துப் பார்த்தேன், அடியில தங்கிட்டு.
– வாசகர், திருநெல்வேலி டவுன்

ப: எண்ணெயைக் கூட்டுவது கடைசி வழி. அளவுக்கு மேல் போன எண்ணெய் திரியை அடைத்துச் சுடரைச் சிறுக்க வைக்கும், குளம் சிறுக்கும், வாசம் இன்னும் குறையும். 6 சதவீதத்தில் புதிதாக ஊற்றி, இரண்டு வாரம் வைத்து, ஒரு எண் பெரிய திரியோடு எரித்துப் பாருங்கள். எரியும்போது வாசம் அந்தச் சூடான குளத்திலிருந்துதான் கிளம்புகிறது.

முகர்ந்து பார்ப்பதிலும் முறை உண்டு. பத்துக்குப் பத்து அறையில் கதவைச் சாத்தி இரண்டு மணி நேரம் எரியவிட்டு, வெளியில் நின்ற ஒருவரை உள்ளே வரச் சொல்லுங்கள். நாள் முழுக்க எண்ணெயோடு இருந்த உங்கள் மூக்கு அதற்குப் பழகிப்போயிருக்கும்.

பாட்டிலில் எழுதியிருக்கும் பிளாஷ் பாயின்ட்டைப் பார்த்து, அதற்கு மேல் சூட்டில் சேர்த்தால் வாசம் ஓடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது எண்ணெயின் ஆவி நெருப்புப் பட்டால் பற்றும் வெப்பநிலை, அவ்வளவுதான். எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவை இயல்பிலேயே சீக்கிரம் பறப்பவை. அவற்றைக் கனமான வாசனையோடு சேர்த்தால் கொஞ்சம் நிற்கும்.

அத்தர் அடியில் தங்கியது, அது மெழுகில் கலக்காத திரவத்தில் கரைத்தது என்பதால். எந்தப் புது எண்ணெயையும் 20 கிராம் உருகிய மெழுகில் 1.2 கிராம் விட்டுக் கிளறி, ஐந்து நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் குமிழ் தெரிந்தால் ஆகாது. மேலே பூசும் சென்ட்டில் ஆல்கஹால் இருக்கும், அதைச் சூடான மெழுகில் ஊற்றுவது ஆபத்து. பன்னீரோ வெறும் தண்ணீர்தான், மெழுகில் கலக்கவே கலக்காது.

கே: கோவிலில் எரிந்த மெழுகுதிரி மிச்சத்தை உருக்கி டம்ளரில் ஊற்றினால் ஓரம் விட்டுப் பிரிகிறது, நடுவில் பள்ளமும் விழுகிறது.
– வாசகி, உவரி

ப: அது தனியாக நிற்பதற்கென்று வார்த்த கெட்டிப் பாரபின். ஆறும்போது சுருங்குவது அதன் குணம். துணியில் வடிகட்டி, சரிபாதி டம்ளர் சோயா மெழுகு கலந்தால் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். பள்ளத்தைச் சுற்றிக் குச்சியால் குத்திவிட்டு, மிச்சக் கலவையைச் சூடாக ஊற்றி நிரப்புங்கள். எண்ணெய் 3 சதவீதத்தில் தொடங்குங்கள்.

கே: காருகுறிச்சி மண் கிண்ணத்திலும் சிரட்டையிலும் ஊற்றலாமா? மேலே காய்ந்த பூ வைத்தால் அழகாக இருக்குமே?
– கல்லூரி மாணவி, சேரன்மகாதேவி

ப: மண் கிண்ணம் மெழுகைக் குடிக்கும். பூச்சில்லாமல் ஊற்றினால் கிண்ணமே ஒரு பெரிய திரியாகிவிடக்கூடும். உள்ளே சூடு தாங்கும் பூச்சு பூசி, 24 மணி நேரம் காகிதத்தின் மேல் வைத்து, எண்ணெய்த் தடம் தெரியவில்லை என்றால் மட்டும் சோதனைக்கு எடுங்கள். சிரட்டை வேண்டாம். அது விறகு, அடுப்பெரிக்கவே பயன்படுவது. காய்ந்த பூவும் வேண்டாம், குளத்தில் நகர்ந்து சுடரைத் தொட்ட நொடியில் இரண்டாவது திரியாகிவிடும்.

கே: உருக்கும்போது பாத்திரத்தில் தீப்பிடித்தால்?
– வாசகர், வள்ளியூர்

ப: அடுப்பை அணைத்து, தட்டையான மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது. அது அடியில் போய் ஆவியாகி, எரியும் மெழுகை மேலே வாரி இறைக்கும். பாத்திரத்தை நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீரில் வைப்பதும், வெப்பமானியை எடுக்காமல் இருப்பதும் இதற்காகத்தான். மிஞ்சிய மெழுகைச் சூடாக இருக்கும்போதே செய்தித்தாளால் துடைத்தெடுங்கள். தொட்டியில் ஊற்றினால் குழாயில் இறுகி அடைத்துக்கொள்ளும்.