சுலபமான விசிலைத் தேடாதீர்கள்

மன்னார்குடி பக்கமிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகன் ப்ளஸ் டூ முடித்திருக்கிறான், கணக்கில் 51. மாவட்ட அளவில் கபடி ஆடியவன், பத்தாவது லீவில் முழங்கால் லிகமென்ட் கிழிந்து ஆட்டம் நின்றுபோனது. அப்புறம் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஸ்கோர் எழுத ஆரம்பித்து, இப்போது சுற்றுவட்டாரத்தில் எங்கே பொங்கல் கபடி நடந்தாலும் விசிலோடு கிளம்பிவிடுகிறானாம். நடுவராகப் போகிறேன் என்கிறான். சென்னையில் இருக்கும் பெரியப்பா மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்துவிட்டார். ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து நாலு வருடத்துக்கு 15 லட்சம், அதுவும் நிலத்தின் மேல் கடன் வாங்கி. கடைசி வரியில்தான் அம்மாவின் முக்கியமான கேள்வி இருக்கிறது: "நடுவர் வேலைதான்னு அடம்பிடிச்சா, எந்த விளையாட்டுல அது சுலபம் சார்? கிரிக்கெட்டா?"

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஒரே பையன், அப்பா இல்லை, நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள். ஆறுதல் இத்தோடு போதும், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் அந்த 15 லட்சம். 11 சதவீத வட்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள், வட்டி மட்டும் வருடத்துக்கு 1,65,000 ரூபாய், மாதம் 13,750. அசலைத் தொடவே இல்லை. கணக்கில் தட்டுத்தடுமாறி 51 எடுத்த பையனை, முதல் வருடத்திலேயே கணக்கு பேப்பர் வரிசையாக வரும் படிப்பில் தள்ளி, அரியர் விழுந்து, ஐந்தாவது வருடமும் ஹாஸ்டலுக்குப் பணம் கட்டும் குடும்பங்கள் என்னிடம் வந்துகொண்டேதான் இருக்கின்றன. பெரியப்பா பையன் சென்னை ஓஎம்ஆரில் ஐடி வேலை பார்க்கிறான், சந்தோஷம். அந்தப் பையனுக்கு அது பிடித்திருந்தது. உங்கள் பையன் இதுவரை ஒரு வரி ப்ரோக்ராம் எழுதிப் பார்த்திருக்கிறானா என்று கேளுங்கள். நிலத்தைத் தொடவே கூடாது, இதில் நான் இறங்கி வரமாட்டேன். சீட் பேசியவர் முன்பணம் கொடுத்திருந்தால் அது அவர் பாடு.

சரி, கிரிக்கெட் சுலபம் என்று யார் சொன்னது? வெங்கட்ராகவன் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர், இந்திய அணிக்கு கேப்டனாக இருந்தவர், அதற்குப் பிறகு 73 டெஸ்டுகளில் அம்பயராக நின்றவர். ஜனனி நாராயணன் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு அம்பயரானவர், 2023 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பை மைதானத்தில் முதன்முதலாக அம்பயராக இறங்கிய மூன்று பெண்களில் ஒருவர். இதைப் படித்துக் காட்டினால் அந்தப் பெரியப்பா "பாத்தியா, ரெண்டு பேருமே இன்ஜினியர்" என்பார், எனக்குத் தெரியும். அவர்கள் எதை விரும்பிப் படித்தார்கள் என்பது நமக்கு வேண்டாத விஷயம். உங்கள் பையன் எதை விரும்பவில்லை என்பது நமக்குத் தெரியும், அது போதும். கிரிக்கெட் வழியில் கூட்டமும் அதிகம். கபடிக் கோட்டில் வளர்ந்த பையன் அங்கே போய் எல்பிடபிள்யூவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எதற்கு?

நான் சொல்வது உங்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். சுலபமான ஆட்டத்தைத் தேடாதீர்கள், கஷ்டமானதில் நிற்கச் சொல்லுங்கள், அதிலும் அவன் கண்ணுக்குப் பழகிய கஷ்டத்தில். யார் வேண்டுமானாலும் ஊதிவிடக்கூடிய விசிலுக்கு நாளைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

எது கஷ்டம்? சில ஆட்டங்களில் தப்பு கண்ணில் படுவதே கஷ்டம். நடைப்போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும், ஊன்றிய கால் மடங்கக் கூடாது. இரண்டு காலும் ஒரு கணம் எழும்பினால் தப்பு, ஆனால் மனிதக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு எழும்பியிருந்தால்தான் தப்பு என்று விதியே சொல்கிறது. கேமராவைப் போட்டுப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ரோட்டோரம் நின்றுகொண்டு, ஓடுகிற வேகத்தில் நடக்கிறவர்களின் பாதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இன்னும் சில ஆட்டங்களில் தப்பும் சரியும் பார்க்கிறவர் மனதில் இருக்கிறது. 1988 சியோல் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் குத்திய குத்துகளை உலகமே பார்த்தது, தங்கம் கொரிய வீரருக்கு 3-2 என்று போனது. 2016 ரியோவுக்குப் பிறகு அங்கே வேலை பார்த்த குத்துச்சண்டை நடுவர்கள் 36 பேரையும் விசாரணை முடியும்வரை ஒதுக்கி வைத்தார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ், டைவிங் எல்லாம் இந்த வகைதான். நம் பையனுக்கு அவை வேண்டாம், சிறு வயதிலிருந்தே அதில் ஊறியிருக்க வேண்டும்.

கபடி இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆட்டம். ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. எதிரில் ஏழு பேர் வரை, அவர்களுக்குள் ஒருத்தன் பாடிக்கொண்டு போகிறான். அவன் பாட்டு அறுந்ததா என்று காது கேட்க வேண்டும், விரல் நுனி யார் ஜெர்சியில் பட்டது என்று கண் பார்க்க வேண்டும், பட்டவன் "படவே இல்ல" என்று கையைத் தூக்குவான், தொட்டவன் நெஞ்சைத் தட்டுவான், ரெண்டு பேரும் நடிப்பில் கில்லாடிகள். கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரில் ஆறு பேராவது இருந்தால்தான் போனஸே உண்டு. ஒரு கால் கோட்டைத் தாண்டி ஊன்ற வேண்டும், அந்த நேரம் பின்னங்கால் தரையில் இல்லாமல் அந்தரத்தில் இருக்க வேண்டும். அதாவது ஒரே கணத்தில் இரண்டு கால், ஒரு கோடு, ஆறு தலை, எல்லாம் உங்கள் கண்ணில் இருக்க வேண்டும். அப்படியே பிடி விழுந்து நாலைந்து உடம்பு நடுக்கோட்டின் மேல் குவிந்துவிட்டால், அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு விரல் கோட்டைத் தாண்டி நீண்டதா என்று குனிந்து, சில நேரம் படுத்தே பார்க்க வேண்டும். பெரிய போட்டிகளில் வீடியோ உண்டு. ஊர்ப் போட்டியில் உங்கள் பையன் கண்தான் வீடியோ.

அதைவிடப் பெரிய தலைவலி லாபி. பக்கவாட்டில் ஒரு மீட்டர் அகலம், யாராவது யாரையாவது தொடும்வரை அது ஆடுகளமே கிடையாது, தொட்டபின் ஆடுகளம். 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியின் இறுதி ஆட்டம், இந்தியாவும் ஈரானும் 28-28, கடைசி ரெண்டு நிமிடத்துக்குள் இருக்கிறது. இந்தியாவின் பவன் செராவத் டூ ஆர் டை ரெய்டு, அதாவது புள்ளி எடுக்காவிட்டால் அவுட் ஆகிற ரெய்டு போகிறார், யாரையும் தொடாமல் லாபியில் கால் வைத்துவிடுகிறார், ஈரான் தடுப்பாளர்கள் அவரை விரட்டிக்கொண்டு லாபிக்குள் வருகிறார்கள். பழைய விதிப்படி தொடர்ந்து வந்தவர்களும் அவுட். புதிய விதிப்படி அவர் கால் வைத்ததுமே கதை முடிந்தது, அவர் மட்டும் அவுட். எந்த விதி? தீர்ப்பை ஒரு தடவை சொல்லி, மாற்றி, திரும்ப மாற்றி, இரு அணியும் மாறி மாறித் தரையில் உட்கார்ந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் இந்தியா 33-29 என்று ஜெயித்தது. நாம் ஜெயித்தோம் என்பதால் அந்த ஒரு மணி நேரத்தை மறந்துவிட்டோம், ஈரான்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே நின்றவர்கள் யாரும் புதியவர்கள் இல்லை. உங்கள் பையனிடம் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டி, தீர்ப்பு வருவதற்கு முன்னால் நிறுத்தி, "நீ என்ன சொல்லியிருப்ப, எந்த விதிப்படி?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினாலும் பரவாயில்லை. அவன் கண் மின்னுகிறதா என்று பாருங்கள், என்னைவிட உங்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

இப்போது சோறு. நடுவர் வேலைக்கு மாதச் சம்பளம் கிடையாது, ஆட்டத்துக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று வரும், பயணப்படி வரும், சீசன் இல்லாத மாதத்தில் ஒன்றும் வராது. அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், நான் சொன்னதாகவே சொல்லுங்கள். அதனால் கூடவே உடற்கல்விப் படிப்பு. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது, நந்தனத்தில் 1920-இல் தொடங்கிய ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. அங்கேயெல்லாம் கிடைக்கவில்லையா, உங்கள் ஊர்ப் பக்கம் அரசு கலைக் கல்லூரியில் ஏதாவது ஒரு டிகிரி, அப்புறம் இரண்டு வருடம் பி.பி.எட். என்ற உடற்கல்வி ஆசிரியர் படிப்பு. கலைக் கல்லூரிச் செலவு பால் விற்கிற பணத்திலேயே அடங்கிவிடும். முடித்தால் பள்ளியில் பி.இ.டி. சார், அதாவது உடற்கல்வி ஆசிரியர் வேலைக்குத் தகுதி வரும். அரசுப் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் (டிஆர்பி) வருடா வருடம் ஆள் எடுப்பதில்லை, தனியார் பள்ளியில் முதலில் சம்பளம் குறைவு, இதையும் மறைக்கவில்லை. ஆனால் கடன் இல்லாத குறைந்த சம்பளம் வேறு, 13,750 வட்டி போக மிஞ்சும் சம்பளம் வேறு.

படிக்கிற காலத்திலேயே அவன் ஸ்கோர் எழுதும் மேஜையில் உட்கார வேண்டும். விசில் பிடிக்கிற ஆசையில் எல்லாரும் மேஜையைத் தாண்டிப் போகிறார்கள். கபடியில் அவுட் ஆன வரிசையில்தான் உள்ளே திரும்ப வர வேண்டும், மூன்றாவதாகப் போனவனுக்கு முன் நாலாவதாகப் போனவன் எழுந்து வந்துவிட்டால் ஆட்டமே கோணலாகிவிடும், அதை உட்காரும் கட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உதவி ஸ்கோரர்தான் பிடிக்க வேண்டும். இரண்டு சீசன் அதைச் செய்தவனுக்கு விதிப்புத்தகம் தானாக மனதில் ஏறிவிடும். அப்புறம் மாவட்டக் கபடிக் கழகத்தில் போய், நடுவர் தேர்வு எப்போது, எந்த விதிப்புத்தகத்திலிருந்து கேட்கிறார்கள் என்று நேரில் விசாரிக்கட்டும், வாட்ஸப் ஃபார்வேர்டை நம்ப வேண்டாம். மாவட்டம், மாநிலம், அதற்கு மேல் தேசிய அளவு என்று படிப்படியாகத்தான் போக முடியும். தேசியப் போட்டிக்குப் போனால் பக்கத்தில் நிற்கிறவர் ஹரியானாக்காரராக இருப்பார், கொஞ்சம் இந்தி கற்றுக்கொள்வது நல்லது. (ஊரில் இதைச் சொன்னால் என்னை அடிக்க வருவார்கள், பரவாயில்லை.)

அடி என்றதும் ஞாபகம் வருகிறது, ஊர்ப் போட்டியில் நடுவரை அடிப்பார்களா என்றும் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். ராத்திரி ரெண்டு மணி, செமி ஃபைனல், குடித்துவிட்டு நிற்கிற கூட்டம், ஒரு தீர்ப்பு மாறினால் கை நீளும்தான். சொந்த ஊர் அணியும் மாமன் மச்சான் ஊர் அணியும் ஆடும் ஆட்டத்துக்கு விசில் எடுக்கக் கூடாது. பந்தயம் கட்டி ஆடுகிற இடத்துக்குப் போகவே கூடாது, எவ்வளவு கொடுத்தாலும். தனியாகப் போகாமல் மூத்த நடுவர் ஒருவரோடு போகட்டும். இதை அவன் ஒப்புக்கொண்டால் அனுப்புங்கள், இல்லையென்றால் கழகம் நடத்தும் போட்டிகளோடு நிற்கட்டும்.

கடைசியாக அந்த முழங்கால். உடற்கல்விச் சேர்க்கையில் உடல்திறன் தேர்வு உண்டு, படிப்பிலும் ஓட்டம், தாண்டல் எல்லாம் உண்டு, நடுவரானாலும் நாள் முழுக்கக் குனிந்து நிமிர வேண்டும். அப்ளிகேஷன் வாங்குவதற்கு முன்னால் எலும்பு மருத்துவரிடம் பழைய எம்ஆர்ஐயோடு கூட்டிப்போய், இதையெல்லாம் செய்யலாமா என்று நேரடியாகக் கேளுங்கள். முடியாது என்றால் டிகிரி மட்டும் படித்துக்கொண்டு ஸ்கோரர், டெக்னிக்கல் மேஜை என்று போகலாம், அதற்கு வேறு மாதிரி திட்டம் போட வேண்டும். டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அதுவரை பெரியப்பா போன் செய்தால் பையனையே பேசச் சொல்லுங்கள், நீங்கள் எடுக்க வேண்டாம்.