கோவையிலிருந்து பெங்களூருக்கு சத்தி – திம்பம் வழியாகப் போகலாமா? அந்தச் சாலை எப்படி?

போகலாம், ஆனால் பகலில். பொழுது சாய்ந்த பிறகு கிளம்புவதாக இருந்தால் பேசாமல் சேலம் வழியைப் பிடியுங்கள்.

கோவைக்காரர்களுக்கு இது சத்தி ரோடு, பெங்களூர்க்காரர்களுக்குக் கனகபுரா ரோடு. இரண்டும் ஒரே சாலையின் இரு முனைகள். தேசிய நெடுஞ்சாலையாகப் பழைய எண் 209. அப்போது திண்டுக்கல்லில் தொடங்கி பழனி, பொள்ளாச்சி, கோவை என்று வந்து பெங்களூர் வரை ஒரே எண்ணாக ஓடியது. 2010-ல் எண்களை மாற்றியபோது கோவைக்குத் தெற்கே இருந்த பகுதி 83-ல் சேர்ந்தது, வடக்குப் பகுதி 948 ஆனது. ஊர்ப் பேச்சில் இன்னும் 209 தான்.

வழி இது: அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், ஆசனூர். காரப்பள்ளம் சோதனைச்சாவடி தாண்டினால் கர்நாடகத்தின் புளிஞ்சூர். பிறகு சாம்ராஜ்நகர், சந்தேமரஹள்ளி, எளந்தூர், கொள்ளேகால். சிவனசமுத்திரம் பக்கம் காவிரியைக் கடந்து மளவள்ளி, ஹலகூர், சாத்தனூர், கனகபுரா.

மொத்தப் பயணத்தையும் தீர்மானிப்பது பண்ணாரிக்கும் திம்பத்துக்கும் இடையே உள்ள சுமார் 14 கிலோமீட்டர்தான். அதில் 27 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறினால் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல்.

அங்கே போக்குவரத்து நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரே ஒரு லாரி. நீளமான வண்டி வளைவில் திரும்பும்போது முன்பக்கம் வெளி ஓரம் வரை போக வேண்டும், பின்சக்கரம் உள் ஓரத்தை அறுத்துக்கொண்டு வரும். ஆக முழுச் சாலையும் அதற்கே வேண்டும். எதிரே வருகிற கார் 'இடம் இருக்கிறதே' என்று மூக்கை நுழைத்தால் லாரி பாதித் திருப்பத்தில் நிற்கும். பாரத்தோடு ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்பும்போது கிளட்ச் கருகும், அச்சு முறியும். அப்புறம் மணிக்கணக்கு. எனவே வளைவுக்கு ஒரு வண்டி தூரம் முன்னாலேயே நின்று லாரிக்கு வழி விடுங்கள், ஏறுகிறவருக்கே முன்னுரிமை.

இறங்கும்போது நடக்கிற தவறு வேறு. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறார்கள். இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, சுமை முழுக்க பிரேக்கில் விழும், சூடேறி நடுவழியில் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். கருகல் வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான இரும்பு விரிசல் விடும்.

நேரக் கட்டுப்பாட்டை மறக்கக் கூடாது. சத்தியமங்கலம் காடு 2013-ல் புலிகள் காப்பகமானது. விலங்குகள் அடிபட்டுச் சாவதால் இரவுத் தடை விதித்து 2019-ல் மாவட்ட நிர்வாகம் உத்தரவு போட்டது. அது காகிதத்திலேயே கிடந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டு 2022 பிப்ரவரி 10 முதல் அமலானது: சரக்கு லாரிகளுக்கு மாலை 6 முதல் காலை 6 வரை, கார்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை. அதன்பின் 16.2 டன் எடை வரம்பும் உள்ளூர்க்காரர்களுக்குச் சில விலக்குகளும் வந்தன. விதிகள் மாறியிருக்கலாம், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். தடையால் அதிகம் அடிவாங்கியது திம்பத்துக்கு மேலே உள்ள தாளவாடி மலைப்பகுதி விவசாயிகள். தக்காளியும் முட்டைக்கோசும் கோவைச் சந்தைக்கு விடியலில் சேர வேண்டும், அவர்களுக்கு இதுதான் வழி. எனக்கு இரு பக்கமும் நியாயம் தெரிகிறது.

பண்ணாரியைச் சுற்றியும், ஆசனூர் – காரப்பள்ளம் இடையிலும் யானை சாதாரணம். கரும்பு லாரி டிரைவர்கள் இரண்டு கட்டு தூக்கிப் போட்டுப் பழக்கிவிட்டார்கள். இப்போது யானைகள் லாரியை எதிர்பார்த்தே சாலையோரம் நிற்கின்றன. சில சமயம் குட்டியோடு. தள்ளி நில்லுங்கள், ஹாரன் அடிக்காதீர்கள், போட்டோவுக்கு இறங்காதீர்கள். பெட்ரோலைச் சத்தியிலேயே நிரப்புங்கள்.

வரலாற்றில் மைசூருக்கு ஏறும் பெயர்பெற்ற வழி திம்பம் அல்ல, மேற்கே மாயாற்றங்கரையை ஒட்டிய கஜலட்டி கணவாய். 1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் படையோடு அதன் வழியாக இறங்கித்தான் சத்தியமங்கலத்தில் இருந்த கர்னல் பிளாய்டின் ஆங்கிலேயப் படையைப் பின்வாங்க வைத்தார். பவானியும் மாயாறும் கூடும் இடத்தில் இருந்த டணாயக்கன் கோட்டை 1950-களில் பவானிசாகர் அணைக்குள் மூழ்கிவிட்டது. நீர்மட்டம் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் அங்கிருந்த கோயிலின் கல்தூண்கள் வெளியே தெரியும்.