கண்ணுக்குக் கீரையா, மாத்திரையா?

கேள்வி: எட்டு வயது மகனுக்கு மைனஸ் 2 பவரில் கண்ணாடி போட்டிருக்கிறோம். தினமும் கேரட் சாறும் பொன்னாங்கண்ணிக் கீரையும் கொடுத்தால் ஒரே வருடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று என் மாமியார் உறுதியாகச் சொல்கிறார். கொடுத்துப் பார்க்கலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டையும் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் கண்ணாடியைக் கழற்றிவிடாதீர்கள். கிட்டப்பார்வை சத்துக்குறைவால் வருவதன்று. விழிக்கோளம் முன்பின்னாகச் சற்றே நீண்டுவிடுவதால், ஒளி விழித்திரையின்மேல் குவியாமல் அதற்கு முன்பாகவே குவிந்துவிடுகிறது. 1 மில்லிமீட்டர் நீண்டாலே ஏறத்தாழ 2.5 முதல் 3 வரை பவர் கூடிவிடும். அப்படி நீண்டுவிட்ட கோளத்தை எந்தக் கீரையாலும் சுருக்க முடியாது.

ஆனாலும் உங்கள் மாமியாரின் நம்பிக்கை வெறும் கற்பனை இல்லை. விழித்திரையில் மங்கிய ஒளியில் பார்ப்பதற்கென்றே குச்சி வடிவச் செல்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள ரோடாப்சின் என்னும் நிறமி உருவாக வைட்டமின் ஏ வேண்டும். கேரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. அது குறைந்தால் முதலில் மாலைக்கண் வருகிறது. பகலெல்லாம் ஓடியாடிய குழந்தை, பொழுது சாய்ந்ததும் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கும்; தட்டில் இருக்கும் சோற்றைக் கையால் துழாவும். அதற்குப் பிறகும் கவனிக்காவிட்டால் விழிவெண்படலம் வறண்டு, நுரை ஒட்டியதுபோன்ற வெண்புள்ளிகள் தோன்றி, கடைசியில் கருவிழியே கரைந்து பார்வை நிரந்தரமாகப் போய்விடும். இதைத் தடுப்பதற்காகவே 1970ஆம் ஆண்டு நம் நாட்டில் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. மாலைக்கண் வந்த குழந்தைக்குச் சத்து கிடைத்ததும் சில நாட்களிலேயே இரவுப் பார்வை திரும்புவதை அந்தத் தலைமுறையினர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். பார்த்தது உண்மை, அதைக் கண்ணாடிக்கும் பொருத்துவதுதான் தவறு. போதுமான அளவு வைட்டமின் ஏ உள்ள குழந்தைக்கு மேலும் மேலும் கொடுப்பதால் பார்வை கூர்மையாவதில்லை.

உங்கள் மகனை நாள்தோறும் 2 மணி நேரமாவது வெளிச்சமுள்ள திறந்த வெளியில் விளையாட விடுங்கள். குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வராமல் தடுப்பதில் அதற்குத் தெளிவான பங்கு இருப்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஏற்கெனவே வந்துவிட்ட குழந்தைக்கும் அது நல்ல பழக்கமே. பவர் மாறுகிறதா என்பதை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. மேக்குலாவில் மாற்றம் தெரிகிறது என்று மருத்துவர் ஒரு கண் வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வரும் முன் காப்போம் என்று நாங்களும் அதையே சாப்பிடலாமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்களுக்கு அது தேவையில்லை. அவருக்கு ஏன் எழுதினார் என்பதைப் புரிந்துகொண்டால் காரணம் விளங்கும். மேக்குலா என்பது விழித்திரையின் நடுப்பகுதி; எழுத்துகளைப் படிப்பதும் முகங்களை அடையாளம் காண்பதும் அதனால்தான். வயது ஏற ஏறச் சிலருக்கு அது சிதையத் தொடங்குகிறது. அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம் நடத்திய இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2001, 2013 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. அவற்றிலிருந்து பிறந்த கலவையில் வைட்டமின் சி 500 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 யூனிட், துத்தநாகம் 80 மில்லிகிராம், செம்பு 2 மில்லிகிராம், லூட்டின் 10 மில்லிகிராம், சியாசாந்தின் 2 மில்லிகிராம் உள்ளன (கடைசி இரண்டும் கீரை போன்றவற்றில் உள்ள மஞ்சள் நிறமிகள்). நோய் இடைநிலையில் இருப்பவர்களுக்கும், ஒரு கண்ணில் மட்டும் முற்றிவிட்டவர்களுக்கும், ஐந்து ஆண்டுகளில் அது மேலும் முற்றும் வாய்ப்பை இக்கலவை ஏறத்தாழ கால் பங்கு குறைக்கிறது. போன பார்வையை அது மீட்டுத் தருவதில்லை. நோயே இல்லாதவருக்கு அது வராமல் காப்பதாக நிரூபிக்கப்படவில்லை. கண்புரையையும் அது தடுக்கவில்லை.

இன்னொரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் கலவையில் பீட்டா கரோட்டின் இருந்தது. புகைபிடிப்பவர்களுக்கு அது நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுவது தெரியவந்ததால், அதை நீக்கி லூட்டினையும் சியாசாந்தினையும் சேர்த்தார்கள். உங்கள் தந்தை பீடியோ சிகரெட்டோ பிடிப்பவர் அல்லது முன்பு பிடித்தவர் என்றால், அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதை ஒரு முறை படித்துவிட்டு வாங்குங்கள்.

மாத்திரையைவிட முக்கியமான ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். காலையில் அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பிகளைப் பார்க்கட்டும். பிறகு மற்றக் கண்ணால் பார்க்கட்டும். நேர்க்கம்பி வளைந்து தெரிந்தாலோ, நடுவில் கறுப்பாக மறைத்தாலோ, அடுத்த தவணைக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: கீரையை எண்ணெய் சேர்க்காமல் அவித்துச் சாப்பிடுவதுதானே கண்ணுக்கு நல்லது?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லை; இந்த ஒரு விஷயத்தில் நம் பாட்டிமார் தாளித்ததுதான் சரி. கீரையில் உள்ள கரோட்டினும் லூட்டினும் கொழுப்பில் கரைபவை. சிறிதளவேனும் எண்ணெயோ நெய்யோ தேங்காயோ இல்லாவிட்டால் அவற்றில் பெரும்பகுதி உடலில் சேராமலேயே வெளியேறிவிடும். முருங்கைக்கீரையை உருவிக் கழுவி, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகும் வெங்காயமும் தாளித்து, கீரையைப் போட்டு ஐந்து நிமிடம் மூடி வதக்கி, தேங்காய்த் துருவல் தூவி இறக்கினால் போதும். நாரான செல்சுவர் சூட்டில் இளகுவதால், சத்து பச்சையாக உண்பதைவிட எளிதாகக் கிடைக்கிறது. கேரட்டும் அப்படியே, வடிகட்டிய சாற்றைவிடப் பொரியல் மேல். கீரையைக் கழுவிவிட்டு நறுக்குங்கள். நறுக்கிய பின் கழுவினால் வைட்டமின் சி தண்ணீரோடு போய்விடும். முருங்கையிலையைப் பொடிசெய்து வைப்பதானால் நிழலில் உலர்த்துங்கள், வெயில் கரோட்டினை அழித்துவிடும்.

கீரை பிடிக்காத பிள்ளைகளுக்குப் பப்பாளி, மாம்பழம், பரங்கிக்காய் கொடுக்கலாம். முட்டையின் மஞ்சள் கருவில் லூட்டின் குறைவுதான் என்றாலும், அதிலேயே கொழுப்பும் இருப்பதால் நன்றாகச் சேர்கிறது. மஞ்சளை ஒதுக்கிவிட்டு வெள்ளையை மட்டும் ஊட்டுவது கண்ணைப் பொறுத்தவரை நல்லதை எறிவதாகும்.

கேள்வி: அங்கன்வாடியில் குழந்தைக்கு வைட்டமின் ஏ திரவம் கொடுத்தார்கள். வீட்டிலும் வாங்கிக் கொடுக்கலாமா?
- வாசகி, விழுப்புரம்

பதில்: வேண்டாம். ஒன்பதாம் மாதத்தில் 1 லட்சம் யூனிட், அதன்பின் ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை 2 லட்சம் யூனிட் என்பது திட்டத்தின் அளவு. இந்த வைட்டமின் கல்லீரலில் தங்கிவிடுவதால், அளவு மீறினால் வாந்தியும் தலைவலியும் வரும். தடுப்பூசி அட்டையில் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். கருவுற்றிருப்பவர்கள் மருத்துவர் சொல்லாமல் வைட்டமின் ஏ மாத்திரையைத் தொடவே கூடாது, கருவுக்குக் கேடு.

கேள்வி: பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. கண்ணைக் காக்க என்ன சத்து எடுத்துக்கொள்ள வேண்டும்?
- வாசகர், மதுரை

பதில்: தனியாக ஒரு சத்து இல்லை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கும்படி உண்பதே உங்கள் கண்ணுக்கான உணவு. விழித்திரை இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கிய பிறகும் பார்வை நெடுநாள் தெளிவாகவே இருக்கும் என்பதால், ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை, சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்து விழித்திரையைப் பரிசோதித்தே ஆக வேண்டும். அந்த மருந்தால் சில மணி நேரம் கண் கூசும், கிட்டத்தில் எழுத்து தெரியாது. ஆகவே அன்று வண்டி ஓட்டாமல், வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.