ஸ்வால்பார்ட் கரைகளில் பிளாஸ்டிக் பொறுக்க விரும்பும் நடைப்பயணிகளுக்கு: கேள்வி பதில்

நார்வேயின் வடதுருவத் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டுக்குச் செல்லவிருக்கும் நம் நடைப்பயணக் குழு உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: சில ஆயிரம் பேரே வாழும் தீவுகளில் இவ்வளவு குப்பை எப்படிச் சேர்கிறது?

பதில்: அது பெரும்பாலும் உள்ளூரார் போட்டதன்று. இழுவலைத் துண்டுகள், கயிறுகள், மிதவைகள், மீன்பெட்டிகள் என மீன்பிடித் தொழில் கடலில் விட்டவற்றையே நீரோட்டங்கள் இங்கே கொண்டுவந்து ஒதுக்குகின்றன. கலைமான்களின் கொம்புகளில் வலை சிக்கி, அவை நகர வழியின்றி மடிவதுண்டு என்பதால், சுமக்கக் கடினமாயினும் வலையை முதலில் எடுங்கள்.

கேள்வி: ஐயா, கண்ணில் படுவதையெல்லாம் எடுத்துவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. நல்லெண்ணத்தோடு வருபவர்கள் தவறுவது இங்கேதான். 1946-க்கு முந்தைய மனிதச் சுவடுகள் யாவும் அங்கே சட்டப்படி பாதுகாக்கப்பட்ட தொல்பொருள்கள். 17ஆம் நூற்றாண்டில் திமிங்கிலம் வேட்டையாட வந்தவர்கள் விட்டுச்சென்ற துருவேறிய ஆணியும் உடைந்த செங்கல்லும்கூட அவற்றில் அடங்கும். ஆகவே பிளாஸ்டிக்கை எடுங்கள். இரும்பு, கண்ணாடி, எலும்பு, பழைய பலகை ஆகியவற்றை வழிகாட்டியிடம் கேட்காமல் தொடாதீர்கள். சைபீரிய ஆறுகளிலிருந்து மிதந்துவந்த மரக்கட்டைகள் நமக்குக் குப்பைபோலத் தோன்றினாலும் குப்பையல்ல. பாசியில் புதைந்த கயிற்றை வலிந்து இழுத்தால் அதனோடு பெயரும் பசும்போர்வை மீண்டும் படர்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகலாம் என்பதால், வெளியே தெரியும் பகுதியை மட்டும் அறுத்தெடுங்கள்.

கேள்வி: பனிக்கரடி வந்தால்?

பதில்: குடியிருப்புக்கு வெளியே செல்பவர்கள் கரடியை விரட்டுவதற்கான சாதனத்தை உடன் வைத்திருப்பது கட்டாயம். குனிந்து பொறுக்குகிறவருக்குச் சுற்றுப்புறம் தெரியாது. எனவே குழுவில் ஒருவர் எதையும் பொறுக்காமல் காவல் மட்டும் நிற்க வேண்டும்.

கேள்வி: எந்த மாதம் ஏற்றது?

பதில்: பனி உருகிய கோடைதான். எனினும் பறவைச் சரணாலயங்களுக்குள் மே 15 முதல் ஆகஸ்ட் 15 வரை நுழையத் தடை உண்டு.

கேள்வி: நிரம்பிய மூட்டையை என்ன செய்வது?

பதில்: இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். கப்பலில் வந்து கரையிறங்குபவர்கள் சேர்த்ததைக் கப்பலிலேயே ஏற்றி, தீவுக்கூட்டத்தின் முக்கிய ஊரான லாங்யியர்பியனின் துறைமுகத்தில் ஒப்படைக்கலாம். கால்நடையாக வருபவர்கள், முதுகுப்பையில் திரும்பக் கொண்டுபோக முடிந்த அளவுக்கு மட்டும் பொறுக்குங்கள். யாராவது படகில் வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று கரையில் விட்டுவந்த மூட்டையை அடுத்த புயல் பிரித்தெறியும்போது, உள்ளிருந்த குப்பையோடு அந்தச் சாக்கும் கடலில் சேர்ந்துவிடும்.