பதில்: அம்மாவுக்கு ரசம் சாதம் மட்டும் போதுமா?

மும்பை செம்பூர் சகோதரிக்கு, 72 வயது அம்மா மூன்று வேளையும் ரசம் சாதம், தயிர் சாதத்தோடு நிறுத்திக்கொள்கிறார், ஆறு மாதத்தில் 4 கிலோ இளைத்துவிட்டார், பாதம் மரத்துப்போகிறது, கேட்டால் "வயசானா அப்படித்தான்" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வயசு மேல் பழியைப் போட்டுவிட்டு உட்காராதீர்கள். தானாக எடை குறைந்தால் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் என்றீர்களே, எனக்கு உறுத்துவது அதுதான். அந்த மாத்திரை வைட்டமின் பி12 சத்தைக் குறைக்கக்கூடும்; பி12 குறைந்தால் பாதம் மரத்துப்போகலாம். வயதானால் வயிற்றில் அமிலம் குறைந்து, சாப்பாட்டிலிருக்கும் பி12 சரியாக உடம்பில் சேராது. போதாக்குறைக்குச் சுத்த சைவம் வேறு. பி12 ரத்தப் பரிசோதனை வேண்டுமென்று கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்து புரதம். 50 கிலோ எடைக்கு நாளைக்கு 50 கிராமாவது தேவை (சிறுநீரகக் கோளாறு இருந்தால் கணக்கு வேறு, டாக்டர் சொல்வார்). பல்செட் உறுத்தும்போது சுண்டலை நீட்டினால் முகத்தைத்தான் திருப்புவார். ரசத்தைத் தெளிவாக இறுத்து ஊற்றாமல், அடியில் தங்கும் பருப்பை மசித்துக் கலந்து ஊற்றுங்கள். பாசிப்பயறு தோசை மெத்தென்று இருக்கும். உப்புமாவில் பனீரை உதிர்த்துப் போட்டால் கண்டுகொள்ளவே மாட்டார்!

சோர்வாக இருக்கும் உங்கள் 15 வயது மகளுக்கு இரும்புச்சத்து நாளைக்கு 30 மில்லிகிராம் என்பது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பரிந்துரை. டீ இரும்புச்சத்தைச் சரியாகச் சேரவிடாது; சாப்பிட்ட கையோடு வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும். மாதுங்காவில் கீரை வாங்கினால் எலுமிச்சையும் பிழியுங்கள், அதிலுள்ள இரும்புச்சத்து நன்றாகச் சேரும். பாட்டியோடு லேபுக்குக் கூட்டிப்போய் ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள்.